கேட்கிற விலையும் கைக்கு வருகிற விலையும்

வாசகர் கேள்வி–பதில்: வண்டி வாகனம்

பழைய கார் விலை பற்றி பெங்களூரு வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதிலில் உள்ள ரூபாய்க் கணக்குகள் வழிமுறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள். உங்கள் வண்டிக்கு அதே முறையில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: 2019 மே மாதம் கே.ஏ. 03இல் பதிவான ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் வைத்திருக்கிறேன். சிங்கிள் ஓனர், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இணையத்தில் இதே வண்டிக்கு 5.75 லட்சம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த கம்பெனிக்காரர் 4.40 என்கிறார். டீலர் ஒருவர் 4.55 சொல்கிறார். இதில் எது மார்க்கெட் விலை? (வாசகர், அல்சூர்)

மூன்றுமே இல்லை. 5.75 என்பது ஒருவர் ஆசைப்படும் விலை. அந்த விலைக்கு வண்டி போனதா என்று விளம்பரம் சொல்லாது. 4.40, 4.55 இரண்டும் வியாபாரி வாங்கும் விலை. அவர் டென்ட் எடுத்து, பாலிஷ் போட்டு, இடத்துக்கு வாடகை கொடுத்து, பெயர் மாற்றிக் கொடுத்து, அதற்கு மேல் லாபமும் பார்க்க வேண்டும். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது 2025 ஜனவரியிலிருந்து 18% ஜி.எஸ்.டி. கட்டுகிறார். வியாபாரம் செய்யாத தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. நீங்கள் தேடும் விலை இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில், நேரடியாக ஓட்டப்போகிறவர் கொடுக்கும் விலை.

அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் மூன்று வாரப் பொறுமையும் போதும். ஓ.எல்.எக்ஸ்., கார்வாலே, கார்ஸ்24, ஸ்பின்னி, ட்ரூ வேல்யூ போன்ற இடங்களில் உங்கள் வண்டிக்கு ஒப்பான 10, 12 விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வேரியன்ட், அதே எரிபொருள், அதே கியர் வகை, கே.ஏ. பதிவு, 2018 முதல் 2020 வரை, ஓட்டம் 45,000 முதல் 80,000 கி.மீ.க்குள். எல்.எக்ஸ்.ஐ.யையும் இசட்.எக்ஸ்.ஐ.யையும் கலக்காதீர்கள், மேனுவலோடு தானாக கியர் மாறும் ஏ.எம்.டி.யைச் சேர்க்காதீர்கள். தேதி போட்டு விலையை எழுதுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். பத்து நாளுக்குள் காணாமல் போன விளம்பரங்கள் கடைசியாக என்ன விலை காட்டின, ஒரு மாதமாக இறங்கிக்கொண்டே இருந்தும் போகாதவை எந்த விலையில் நிற்கின்றன, இந்த இரண்டு வரிசைகளுக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் சந்தை. பழைய கார் விலையைக் கணித்துச் சொல்லும் ஆரஞ்ச் புக் வேல்யூ, இந்தியன் புளூ புக் போன்றவை தரும் எண்ணையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அவை உங்கள் வண்டியின் டயரையோ பம்பரையோ பார்த்ததில்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஒப்பான வண்டிகள் 5.20 வரை வேகமாகப் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். பேரத்தில் இருபது, இருபத்தைந்தாயிரம் இறங்குவது இந்த விலை வண்டிகளில் சாதாரணம். ஆகவே 4.95. இனி வாங்குகிறவர் உடனே செலவழிக்க வேண்டியதைக் கழியுங்கள். டயர் நான்கும் தேய்ந்திருந்தால் 165/80 ஆர்14 அளவுக்கு ஏறத்தாழ 17,000. பேட்டரி நான்கு வருடம் தாண்டியிருந்தால் 5,000. பின் பம்பர் பெயின்ட் 4,000. விலை ஏறத்தாழ 4.70க்கு வருகிறது. டீலர் 4.55 கொடுத்தால் 15,000 ரூபாய்க்காக எத்தனை பேருக்கு வண்டியை ஓட்டிக் காட்டுவது என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. 4.40 என்றால் காத்திருப்பதில் பலன் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய வண்டியின் விலைக்கு உச்சவரம்பு புது வண்டியின் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18% ஆனது, முன்பு செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 29%. ஸ்விஃப்ட் இந்த வகைதான். புதியது இறங்கினால் பழையதும் இறங்கும். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார் என்பதை வைத்து இப்போது பேரம் பேச முடியாது.

கேள்வி: இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. 4.20 லட்சம் என்று இருக்கிறது. அதை மார்க்கெட் விலையாக எடுத்துக்கொள்ளலாமா? (வாசகி, விவேக்நகர்)

கூடாது. அது வண்டி திருடுபோனாலோ முழுதாக நாசமானாலோ இன்சூரன்ஸ் கம்பெனி தரும் தொகையின் அளவு. அந்த மாடலின் இன்றைய ஷோரூம் பட்டியல் விலையிலிருந்து வயதுக்கு ஏற்பக் கழித்துப் போடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5%, ஒரு வருடம் வரை 15%, இரண்டு வருடம் வரை 20%, பிறகு வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருடம் 50%. ஐந்து வருடம் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவுசெய்வது. 20,000 கி.மீ. ஓடிய வண்டிக்கும் 1,40,000 ஓடியதற்கும் இந்தக் கணக்கில் வித்தியாசமே இல்லை. இன்னோவா போன்ற கிராக்கி உள்ள வண்டி ஐ.டி.வி.யை விட மேலே போகும். சர்வீஸ் கிடைக்காத, நிறுத்தப்பட்ட மாடல் கீழே போகும்.

விலைக்கு உதவாவிட்டாலும் அதே பாலிசித் தாளில் இன்னொரு எண் மிகவும் உதவும்: நோ கிளெய்ம் போனஸ். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50% என்று ஏறும். ஆறு வருடம் ஒரே ஓனரிடம் இருந்த வண்டிக்கு போனஸ் பூஜ்யமோ 20%ஆகவோ இருந்தால் சமீபத்தில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள், அல்லது பாலிசியை இடையில் விட்டிருக்கிறார்கள். எதற்கு, எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: மகளுக்காக ஆறு லட்சத்துக்குள் ஒரு கார் வாங்க வேண்டும். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா, வெள்ளத்தில் மூழ்கியதா என்று மெக்கானிக் இல்லாமல் நாமே பார்க்க முடியுமா? விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? (வாசகர், ஜாலஹள்ளி)

பெரும்பாலும் பார்த்துவிடலாம். பகல் வெளிச்சத்தில், கழுவாத வண்டியாக, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்.

வெள்ளத்திலிருந்து தொடங்குவோம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் அடுக்குமாடி பேஸ்மென்ட்களில் கார்கள் மூழ்கின. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கியவை ஏராளம். இப்படிப்பட்ட வண்டி ஊர் மாறி, உள்ளே ஷாம்பூ வாஷ் செய்து, வாசனை அடித்து விற்பனைக்கு வரும். சீட், கார்ப்பெட் எல்லாம் கழுவுவார்கள். சீட் பெல்ட்டின் உள்பகுதியை மறந்துவிடுவார்கள். பெல்ட்டை நிற்கும் வரை முழுதாக இழுங்கள். தினமும் கை படும் பகுதி சற்றுப் பளபளப்பாக இருக்கும். கடைசி ஓரடி எப்போதும் சுருளுக்குள்ளேயே இருப்பதால் புதிதுபோல இருக்க வேண்டும். அங்கே குறுக்காக இளம்பழுப்புக் கறையோ, விரலால் தேய்த்தால் மாவுபோல வண்டலோ வந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பின் சீட் பெல்ட்களையும் இதே மாதிரி இழுத்துப் பாருங்கள். அடுத்து முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தின் அடிப்பக்கத்திலும் போல்ட் தலைகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டியின் பின்களில் பச்சைப் பூச்சு இருந்தால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மூழ்கிய வண்டி இன்று நன்றாக ஓடும். கனெக்டர்களுக்குள் அரிப்பு மெதுவாக வேலை செய்து, மாதங்கள் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும், பவர் விண்டோ நிற்கும், நடுச்சாலையில் வண்டி அணையும். இதற்கு எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்று எங்களிடம் கேட்காதீர்கள். மகள் ஓட்டப்போகும் வண்டி, வேண்டாம்.

மீட்டருக்கு வருவோம். பதிவு எண்ணைக் கொடுத்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு சர்வீஸின் தேதியும் கிலோமீட்டரும் கணினியில் இருக்கும். விற்பவரைக் கூட்டிப்போய் அவரையே கேட்கச் சொல்லுங்கள். வர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம். மீட்டர் 31,000 காட்டும் 2019 வண்டியில் டயர்கள் 2022ஐச் சேர்ந்தவை என்றால் ஏன் என்று கேளுங்கள். முதல் செட் பொதுவாக 40,000, 45,000 வரை தாங்கும். வயதாகி வெடிப்பு விட்டதால் மாற்றியிருக்கவும் கூடும், ஆனால் அது ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு நடப்பது. மூன்றாம் வருடத்தில் மாற்றியதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டம். கிளட்ச் பெடல் ரப்பர் மழுங்கி, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் வழவழவென்று இருந்தால் 30,000 கி.மீ. வண்டி இல்லை. வண்டியின் கணினியில் உள்ள பதிவுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. கருவி அறுநூறு, எழுநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி, கோளாறு பதிவுகளைக் கடைசியாக அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்பதைப் பாருங்கள். அது 12 கி.மீ. என்று காட்டினால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே எஞ்சின் விளக்கை அணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

அடிபட்ட வண்டியில் மட்டும் கொஞ்சம் நிதானமாக முடிவெடுங்கள். பானெட், ஃபெண்டர், கதவு மாற்றியது பெரிய குற்றமில்லை. பெங்களூரு டிராஃபிக்கில் கீறாத வண்டி எங்கே? பெயின்ட் தடிமன் கருவியில் கம்பெனி பெயின்ட் சுமார் 90 முதல் 150 மைக்ரான் காட்டும். 200க்கு மேல் என்றால் மறுபூச்சு. 500ஐத் தாண்டினால் உள்ளே பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பூச்சு. இவற்றுக்குப் பத்து, பதினைந்தாயிரம் குறைத்துப் பேசலாம். பானெட்டைத் திறந்து, இரு பக்கமும் சஸ்பென்ஷன் மேலே வந்து நிற்கும் உள்தகடான ஏப்ரனைப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டு வட்டப் புள்ளிகளாகச் சீரான இடைவெளியில் இருக்கும். கேஸ் வெல்டிங் கோடோ, சுத்தியல் தட்டிய அலையோ தெரிந்தால் அடி சேஸிஸ் வரை போயிருக்கிறது. அந்த வண்டியை விலை குறைவு என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஓசூரில் டி.என். 70 வண்டி ஒன்று பெங்களூரு விலையை விட 60,000 குறைவாக வருகிறது. டெல்லி டீசல் வண்டி என்றால் இன்னும் குறைவு என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், பொம்மசந்திரா)

அந்த 60,000 உங்களுக்கு மிச்சமா என்று கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள். கர்நாடகாவில் ஓடும் கே.ஏ. வண்டியின் விலைக்குள் ஆயுள்கால வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வெளிமாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அப்போது வரியை இங்கே மீண்டும் கட்ட வேண்டும். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட விலையுள்ள கார்களுக்குக் கர்நாடக வரி 17, 18% அளவுக்குப் போகிறது. வண்டியின் வயதுக்கு ஏற்ப அதில் ஒரு பகுதி குறையும். கணக்கிடுவது நீங்கள் கொடுத்த விலைக்கு இல்லை, வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலைக்கு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய மாநிலத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம்; அது கட்டியவர் பெயரில், மாதக்கணக்கில் அலைந்து வாங்குவது. விலை பேசும்போது அதை வரவாக எழுதாதீர்கள்.

நடைமுறை இது: பழைய ஆர்.டி.ஓ.விடம் 28ஆம் படிவத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று); கடன் இருந்தால் பேங்கின் சம்மதம்; இங்கே வண்டியைக் காட்டி, வரி கட்டி, 27ஆம் படிவத்தில் புது எண்; பெயர் மாற்றத்துக்கு 29, 30. என்.ஓ.சி. கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வரியைக் கட்டிப் பார்த்தால் சிறிய பெட்ரோல் வண்டிக்கு லாபம் ஒன்றும் நிற்காது என்பதே எங்கள் கருத்து.

டெல்லி வண்டி குறைவாக வருவதற்குக் காரணம் தெளிவு. 10 வருடம் தாண்டிய டீசலும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலும் டெல்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாய உத்தரவை 2018இல் உச்ச நீதிமன்றமும் நிலைநாட்டியது. அதனால் எட்டு, ஒன்பது வயது டீசலை அங்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வண்டி நன்றாகவே இருக்கக்கூடும். நேரில் பார்க்காமல் லாரியில் வரவழைப்பதுதான் ஆபத்து. முன் கேள்விக்குச் சொன்ன எதையும் ஃபோட்டோவில் பார்க்க முடியாது.

கேள்வி: டாக்சியாக ஓடி, சொந்த உபயோகத்துக்கான ஒயிட் போர்டுக்கு மாறிய வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கே.ஆர். புரம்)

முதலில் அரசின் வண்டிப் பதிவுத் தளமான பரிவாஹனிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ எண்ணைப் போட்டு, பதிவுத் தேதி, ஓனர் வரிசை எண், வண்டி வகை, கடன் இவற்றைப் பாருங்கள். வயது நான்கு வருடம், பதிவு எண்ணின் வரிசையோ இந்த வருடத்தது என்றால் எண் மாறியிருக்கிறது. பிறகு வண்டிக்குள் தேடுங்கள். பின் சீட் பக்கத் தூணில் பேனிக் பட்டன் இருந்த ஸ்க்ரூ ஓட்டைகள், டாஷ்போர்டில் ஜி.பி.எஸ். ஒட்டிய பசைத் தடம், தீயணைப்பான் கிளாம்ப் இருந்த இடம். ஓட்டிப் பார்க்கும்போது நல்ல சாலையில் 80ஐத் தொட்டதும் இழுவை அறுந்தால், டாக்சியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னரைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்கள். பின் சீட் முன் சீட்டை விட அதிகம் அமுங்கியிருப்பதும் டாக்சியின் அடையாளம்; சொந்த வண்டியில் டிரைவர் சீட்தான் தேயும். இப்படி மாறிய வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டோம். டாக்சி விலை கொடுத்து வாங்குங்கள்.

கேள்வி: அலாய் வீல், டச் ஸ்கிரீன், சீட் கவர் என்று 70,000 செலவு செய்திருக்கிறேன். விலையில் சேர்க்கலாமா? (வாசகர், ஸ்ரீராமபுரம்)

முடியாது. வண்டி சீக்கிரம் போக உதவலாம். பழைய சக்கரங்களை வைத்திருந்தால் மாட்டிவிட்டு, அலாயைத் தனியாக விற்பதே நல்லது.

கேள்வி: நான்கு வயதான எலெக்ட்ரிக் கார் பாதி விலைக்கு வருகிறது. பேட்டரி எவ்வளவு மீதி என்று எப்படித் தெரியும்? (வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி)

சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் நலன் சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதோடு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். 30.2 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள நெக்ஸான் ஈ.வி.யை எடுத்துக்கொள்வோம். 20 சதவீதத்திலிருந்து 80 வரை வீட்டு சார்ஜரில் ஏற்றி மின் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 60% என்பது 18 யூனிட். சார்ஜிங் இழப்பு பத்து சதவீதம் சேர்த்தால் சுவரிலிருந்து 20 யூனிட் போக வேண்டும். 16தான் போகிறது என்றால் ‘60%’ என்று அது காட்டும் பாத்திரமே சுருங்கிவிட்டது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று கணக்கு. பேட்டரி வாரன்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை. அது இரண்டாம் ஓனருக்கும் அதே காலம் வருமா என்பதை வண்டியின் வாரன்டி புத்தகத்தில் படித்து, கம்பெனியிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எலெக்ட்ரிக் காரின் விலையில் பெரும்பங்கு அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

கேள்வி: போன மாதம் ஒரு டீலரிடம் விற்றுப் பணமும் வாங்கிவிட்டேன். ஆர்.சி. இன்னும் என் பெயரில்தான் காட்டுகிறது. கவலைப்பட வேண்டுமா? (வாசகர், சிவாஜிநகர்)

வேண்டும், இன்றே. பதிவேட்டில் பெயர் உள்ளவரே ஓனர், விபத்து இழப்பீடு அவர்மேல்தான் வரும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை. டீலர் அரசு அங்கீகாரம் பெற்றவர் என்றால், 2023 ஏப்ரல் முதல் 29சி படிவத்தில் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைப் பரிவாஹனில் பதியலாம். அதன் பிறகு பொறுப்பு டீலருடையது. அங்கீகாரம் இல்லாதவர் என்றால் வாங்கியவர் பெயர், முகவரி, தேதி நிரப்பிய 29, 30 படிவங்களை உடனே போடச் சொல்லுங்கள். எதையும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தால், வண்டியை ஒப்படைத்த தேதியும் நேரமும் மீட்டர் கணக்கும் எழுதி, டீலரின் சீலோடு டெலிவரி நோட் ஒன்றை இப்போதாவது வாங்குங்கள்.

பழைய அபராதங்கள் நிலுவையில் இருக்கிறதா என்பதைப் பெங்களூரு டிராஃபிக் போலீஸின் அஸ்திரம் செயலியில் பாருங்கள். டெலிவரி தேதிக்கு முந்தையது உங்களுடையது, பிந்தையது அவருடையது. நோ கிளெய்ம் போனஸ் உங்களோடு வரும், வண்டியோடு போகாது. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்கினால் மூன்று வருடத்துக்குள் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். ஃபாஸ்டேக்கையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அத்திப்பள்ளி டோல் கட்டணம் ஒவ்வொரு முறையும் உங்கள் கணக்கிலிருந்தே போகும்.